அறுபத்திரண்டாவது அட்டை

ஏழு செக்கன் திரையில் நிற்கிற ஒரு வசனத்தை நிரஞ்சினி இரண்டே செக்கனில் வாசித்து முடித்துவிடுவாள். மிச்ச ஐந்து செக்கனும் சும்மா இருக்க அவளால் முடியாது. அடுத்த காட்சியில் கமெரா எங்கே நிற்கப்போகிறது, அந்தக் காலத்தில் அப்படி எடுக்க எவ்வளவு துணிவு வேண்டும் என்று மைக்கிலேயே சொல்லத் தொடங்கிவிடுவாள். குரல் தேர்வு நடந்த ஞாயிற்றுக்கிழமையும் அதைத்தான் செய்தாள். சிவனேஸ்வரி அன்ரி மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பால் துடைத்தார்.

"பிள்ளை, உம்மட வாய் எக்ஸ்பிரஸ் ட்ரெயின். ஒரு ஸ்ரேசனிலயும் நிக்குதில்லை."

எல்லோரும் சிரித்தார்கள். நிரஞ்சினியும் கூடச் சேர்ந்து சிரித்தாள். அந்தப் பகிடியோடு தன் சிட்னிப் பயணம் கைவிட்டுப் போகத் தொடங்கிவிட்டது என்பது வீட்டுக்குப் போகிற பஸ்ஸில்தான் அவளுக்கு உறைத்தது.

படத்தைத் தேடிப் பிடித்ததே அவள்தான். வயது இருபத்துநாலு. நோபல் பார்க்கில் ஒரு கண்ணாடிக் கடையில், மூக்குக்கண்ணாடிச் சட்டங்களை ஆட்களின் காதுக்கு அளவாக வளைத்துக் கொடுப்பது வேலை. மாதத்தில் ஒரு ஞாயிறு பின்னேரம் டண்டினொங் நூலகத்துக்குப் பின்னாலுள்ள மண்டபத்தில் சிவனேஸ்வரி அன்ரி நடத்துகிற படக்கூட்டத்துக்கும் எல்லாமே அவள்தான். ஆட்கள் உட்காரக் கதிரை அடுக்குவாள், திரைச்சீலைகளை இழுத்து மூடுவாள், பற்றிஸ் பலகாரம் சூடாக்குவாள். படம் முடிந்தபின் ஒருவரையும் வீட்டுக்குப் போகவிடாமல் வாசலில் மறித்து அந்தப் படத்தைப் பற்றியே கதைத்துக்கொண்டு நிற்பாள்.

அப்படிப்பட்டவள் கையில் 2012 தை மாதம் ஒரு டிவிடி அகப்பட்டது. பேசாத படம். 1928இல் சிட்னியில் ஐவி டன்ஸ்டன் என்ற பெண் எடுத்தது. தொப்பிக் கடையில் ரிப்பன் தைத்துக்கொண்டிருந்தவள். படம் எடுக்கப் பெண்களுக்கு என்ன தெரியும் என்று ஸ்ரூடியோக்காரர் கதவைச் சாத்திவிட, தன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் பிலிமைப் பரப்பிவைத்துத் தொப்பி வெட்டுகிற கத்தரிக்கோலாலேயே வெட்டி ஒட்டினாளாம். நிரஞ்சினி அந்தக் கத்தரிக்கோலைப் பற்றி ஒரு கிழமையாகக் கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் சொன்னாள். கண்ணாடி மாட்டுகிற நேரம் அவர்களாலும் எழும்பி ஓட முடியாது.

படத்தின் பெயர் 'இரண்டாவது கதிரை'. துறைமுகத்தைப் பார்த்தபடி ஒரு வீடு, அதில் இரண்டு சகோதரிகள். அக்கா கிளாரா, தங்கச்சி எற்றி. மேல்மாடி அறைக்கு வாடகைக்கு வருகிறான் ஒரு கப்பல்காரன். அக்காவுக்கு அவன்மேல் விருப்பம், அவனுக்குத் தங்கச்சிமேல் விருப்பம். கப்பலில் போனவன் தங்கச்சிக்கு எழுதிய கடிதத்தை அக்கா எடுத்து, தங்கச்சியின் கதிரை மெத்தைக்குக் கீழேயே ஒளித்துவைக்கிறாள். அவன் மறந்துவிட்டான் என்று நினைத்துத் தங்கச்சி ஒருநாள் காலையில் வீட்டைவிட்டுப் போய்விடுகிறாள். பொறாமை பிடித்தால் ஆள் என்னவெல்லாம் செய்யும் என்பதுதான் முழுப் படமும். கிளாராவாக நடித்த பெண், பொறாமை வருகிறபோதெல்லாம் பெருவிரல் நகத்தைக் கீழுதட்டில் வைத்து அழுத்துவாள். அவ்வளவுதான் நடிப்பு.

கடைசியில் கிளாரா அந்தக் கடிதத்தை வெளியே எடுத்துச் சாப்பாட்டு மேசையில் வைக்கிறாள். ஒரு சொல் வருகிறது. அதன்பிறகு திரை முழுவதும் தங்கச்சி இருந்த வெறும் கதிரை. ஆள் இல்லை, அசைவு இல்லை. நிரஞ்சினி போனில் நேரம் பிடித்துப் பார்த்தாள். பத்தொன்பது செக்கன். பிறகுதான் கிளாரா துறைமுகத்துக்கு ஓடுகிறாள். 1928இல் ஒரு பெண் ஒரு வெறும் கதிரையைப் பத்தொன்பது செக்கன் பார்க்கவைத்திருக்கிறாள் என்பதை நினைத்தாலே நிரஞ்சினிக்குத் தலை சுற்றியது.

ஆவணி மாதம் சிட்னியில் ஒரு பழைய தியேட்டரில் அதே படத்தைச் சுருளில் போட்டுக் காட்டப்போவதாகவும், விருப்பமான சமூகங்கள் வந்து அவரவர் மொழியில் அட்டைகளை வாசிக்கலாம் என்றும் ஒரு மின்னஞ்சல் வந்தது. பேசாத படத்தில் ஆட்கள் வாயை மட்டும் அசைப்பார்கள். சொன்னது என்ன என்பது நடுநடுவே ஒரு அட்டையில் எழுத்தாக வரும். அந்த அட்டைகளைத்தான் இருட்டில் ஒருவர் தமிழில் வாசிக்க வேண்டும், ஒருவர் கீபோர்ட் வாசிக்க வேண்டும். தமிழுக்கு இரண்டு பேருக்குப் போகவர விமான ரிக்கெற். மொழிபெயர்த்தவரின் பெயர் அறிவித்தலில் வரும்.

பெயர் யாருக்கு வேண்டும். படம் பிறந்த ஊரில், பெரிய திரையில், அந்தக் கதிரையைப் பார்க்க வேண்டும். நிரஞ்சினிக்கு அது ஒன்றுதான் வேண்டியிருந்தது.

எழுபத்தொரு அட்டையையும் அவளே தமிழாக்கினாள். புத்தகத் தமிழில் எழுதச் சொன்ன அன்ரியோடு மூன்று நாள் வாதாடி, வீட்டில் கதைக்கிற தமிழிலேயே எழுதினாள். கிளாராவும் எற்றியும் நோபல் பார்க்கில் பக்கத்து வீட்டில் இருக்கிறவர்கள் மாதிரிக் கதைக்க வேண்டும் என்பது அவளுடைய பிடிவாதம். அறுபத்திரண்டாவது அட்டை அந்த ஒற்றைச் சொல். ஆங்கிலத்தில் 'இனஃப்'. முதலில் 'போதும்' என்று எழுதினாள். அது பள்ளிக்கூடத்தில் படித்த சொல் மாதிரி இருந்தது. வெட்டிவிட்டு 'காணும்' என்று எழுதினாள். சோற்றுக் கரண்டியோடு வருகிற அம்மாவுக்குக் கையை மறித்துச் சொல்கிற சொல். இந்தப் பொய் காணும், இந்த எரிச்சல் காணும். அதை எழுதியபோது அவளுக்கே மயிர்க்கூச்செறிந்தது.

பிறகுதான் வைதேகி வந்தாள்.

டார்னெய்ட்டிலிருந்து ஒரு மணித்தியாலம் கார் ஓடி வந்தாள். மதுரைப் பக்கம். கணவனுக்குக் கம்ப்யூட்டர் வேலை, அவளுக்குக் கிழமையில் இரண்டு நாள் சமூக வானொலி. குரல் தேர்வுக்குக் கடைசி ஆளாக வந்து, முதல் அட்டையை எடுத்து, அது திரையில் நிற்கிற ஏழு செக்கனையும் ஏழு செக்கனாகவே வாசித்தாள். அந்தக் குரலில் ஒரு ஈரம் இருந்தது. மண்டபத்தின் ஹீட்டர் சத்தம்கூட அடங்கியதுபோல் இருந்தது. அன்ரி கண்ணாடியைத் துடைக்கவில்லை. டண்டினொங்கில் ஆடி மாதம் காட்டுவோம், அங்கே இவ நன்றாக வாசித்தால் சிட்னிக்கும் இவவே போகட்டும், பிழைத்துப்போனால் நிரஞ்சினியை யோசிப்போம் என்று அங்கேயே தீர்ப்புச் சொன்னார். நிரஞ்சினிக்கு வேறொரு வேலை கொடுத்தார். இருட்டில் வைதேகிக்குப் பக்கத்தில் இருந்து, தாளுக்கு ரோர்ச் வெளிச்சம் பிடித்து, அட்டை வருகிறபோது முழங்கையைத் தொட வேண்டும்.

தான் எழுதிய ஒவ்வொரு சொல்லும் இன்னொருத்தியின் வாயிலிருந்து வருவதைப் பக்கத்தில் இருந்து கேட்பது எப்படி இருக்கும் என்று நிரஞ்சினி முன்பு யோசித்ததில்லை. தன் சட்டையை வேறொருத்தி போட்டுக்கொண்டு, அது தன்னைவிட அவளுக்கு அளவாக இருப்பதைக் கண்ணாடியில் பார்ப்பதுபோல் இருந்தது.

அதைக்கூடப் பொறுத்திருப்பாள். ஆனால் மயூரதன் இருந்தான்.

மயூரதன் கீபோர்ட். இரண்டு வருடத்துக்கு முன் படகில் வந்தவன், தற்காலிக விசா. கிழமை நாட்களில் டண்டினொங் தெற்கில் ஒரு பண்டகசாலையில் பெட்டி ஏற்றுவான், சனி ஞாயிறில் கோயிலிலும் கலியாணங்களிலும் வாசிப்பான். யுத்தம் முடிந்த இரண்டாயிரத்தொன்பது வைகாசியோடு அவனுடைய அண்ணாவைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. அதை அவன் ஒருவருக்கும் சொன்னதில்லை, அன்ரி சொல்லித்தான் மற்றவர்களுக்குத் தெரியும். அதிகம் கதைக்கமாட்டான். ஒரு வருடமாக ஒவ்வொரு கூட்டத்திலும் நிரஞ்சினி போட்டுக் கொடுக்கிற தேத்தண்ணியை வாங்கிக் குடித்துவிட்டுக் கோப்பையைத் திருப்பித் தருவான். நல்லது என்றும் சொன்னதில்லை, கூடாது என்றும் சொன்னதில்லை. அதை அவள் ஒருவிதமான நெருக்கம் என்று கணக்குப் பண்ணி வைத்திருந்தாள். வைதேகி முதல் ஒத்திகைக்கே பிளாஸ்க்கில் கோப்பி கொண்டுவந்தாள். இரண்டு மிடறு குடித்துவிட்டு மயூரதன், "அக்கா, இது சோக்கான கோப்பி" என்றான்.

ஒரு வருடத் தேத்தண்ணிக்குக் கிடைக்காத சொல். நிரஞ்சினியின் பெருவிரல் தானாகக் கீழுதட்டுக்குப் போனது. போனதைக் கண்டு கையை ஜக்கெற் பொக்கற்றுக்குள் புதைத்துக்கொண்டாள். எண்பத்துநாலு வருடத்துக்கு முன் செத்துப்போகாமல் படம் எடுத்த ஐவி டன்ஸ்டன்மேலும் அன்றைக்குக் கோபம் வந்தது.

வைதேகியை வெறுப்பதும் இலேசான வேலையாக இல்லை. யாழ்ப்பாணச் சொல் விளங்காவிட்டால் ஒளிக்காமல் கேட்பாள். எற்றி கப்பல்காரனோடு உலாவப் போகிற காட்சியில் 'எற்றி வெளிக்கிட்டாள்' என்ற அட்டை வந்தபோது வாயைப் பொத்திக்கொண்டாள்.

"எங்க ஊர்ல வெளிக்குப் போறதுன்னா கையில சொம்போட போறது. இந்தப் பொண்ணு தொப்பி போட்டுக்கிட்டுல்ல போகுது?"

வெளிக்கிடுவதென்றால் உடுத்திக்கொண்டு புறப்படுவது என்று சொல்லிக்கொடுத்து, நிரஞ்சினியும் கண்ணில் நீர் வரச் சிரித்தாள். சிரித்து முடித்ததும் சிரித்ததற்காகத் தன்மேலேயே எரிச்சல் வந்தது. 'அப்பா எனக்குப் பேசினார்' என்றால் அப்பா ஏசினார் என்று சொல்லிக்கொடுத்தாள். 'கெதியா' என்றால் சீக்கிரம், 'பேந்து' என்றால் பிறகு, 'வடிவாய்ப் பார்' என்றால் நன்றாகப் பார் என்றெல்லாம் சொல்லிக்கொடுத்தாள். வைதேகி ஒவ்வொன்றையும் தாளின் ஓரத்தில் பென்சிலால் குறித்தாள். பதினான்கு சொல். பதினான்கிலும் நிரஞ்சினி நேர்மையாக இருந்தாள்.

படத்தின் கடைசிப் பகுதிக்கான ஒத்திகை, காட்டுவதற்கு முந்தின சனிக்கிழமை நடந்தது. மயூரதனை வேலைக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். அன்ரி சாமான் வாங்கப் போயிருந்தார். மண்டபத்தில் அவர்கள் இருவரும் மட்டும். கிளாரா கடிதத்தை மேசையில் வைத்தாள். நிரஞ்சினி முழங்கையைத் தொட்டாள்.

"காணும்…" என்றாள் வைதேகி.

நிரஞ்சினி ரோர்ச் வெளிச்சத்தைத் தாளின் ஓரத்துக்கு நகர்த்தினாள். வைதேகி அதைக் 'காணோம்' என்பதுபோல் சொன்னாள். மதுரையில் சாவி தொலைந்தால், செருப்புத் தொலைந்தால் சொல்கிற காணும். எங்கே போனாய் என்று வீடு முழுவதும் தேடிப் பார்த்து, கடைசி அறையிலும் ஆள் இல்லாமல் நிற்கிறவளின் காணும். திரையில் வெறும் கதிரை இருந்ததால் வைதேகிக்குச் சந்தேகமே வரவில்லை. தெரியாத சொல்லைத்தானே கேட்பார்கள். தெரியும் என்று நினைத்த சொல்லை யார் கேட்பார்கள்? தாளின் ஓரத்தில் அந்த இடத்தில் மட்டும் பென்சில் குறி இல்லை.

நிரஞ்சினி சொல்ல வாய் திறந்தாள். ஸ்ரேசனில் நிற்காத வாய். அது அன்றைக்கு முதல்தரமாக நின்றது.

டண்டினொங் மண்டபத்தில் வந்திருக்கப்போவது முழுக்கத் தங்கள் ஆட்கள். காணும் என்றால் போதும் என்று பால்குடி மறந்த நாள் தொடக்கம் தெரிந்தவர்கள். படத்தின் உச்சத்தில், கிளாரா மனம் திரும்புகிற இடத்தில், இவள் எதையோ தொலைத்தவள் மாதிரி இழுத்தால் முன்வரிசை அங்கிள்மார் விடுவார்களா? ஒருவர் சிரித்தால் போதும், மண்டபமே சிரிக்கும். பிழைத்துப்போனால் நிரஞ்சினியை யோசிப்போம் என்று அன்ரி சொன்னாரே.

"எப்படி இருந்துச்சு?" என்று வைதேகி கேட்டாள்.

"நல்லா இருந்தது அக்கா" என்றாள் நிரஞ்சினி. அது பொய்யும் இல்லை என்பதுதான் அவளை இன்னும் எரித்தது.

ஆடி மாத ஞாயிற்றுக்கிழமை, பின்னேரம் இரண்டு மணி. வழக்கமாக இருபது பேர் வருகிற மண்டபத்துக்கு நூற்றுப்பத்துப் பேர் வந்தார்கள். ஈரக் குடைகள் சுவரோரம் சாத்தியிருந்தன. நிரஞ்சினி கதிரை போதாமல் நூலகத்திலிருந்து இரவல் வாங்கிப் போட்டாள். திரைச்சீலை மூடியதும் வைதேகிக்குப் பக்கத்தில் போய் இருந்து ரோர்ச்சைப் பொத்திப் பிடித்தாள். இடப்பக்கத்தில் மயூரதனின் விரல்களுக்குமேல் ஒரு சிறிய விளக்கு.

முதல் அரை மணித்தியாலம் சனம் பழகவில்லை. பிள்ளைகள் ஏன் சத்தம் வரவில்லை என்று கேட்டார்கள். 'எற்றி வெளிக்கிட்டாள்' வந்த இடத்தில் ஒரு அன்ரி, உந்தத் தொப்பியோட ஆர் வெளிக்கிடுவினம் என்று சொல்ல, சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். பிறகு மெல்ல மெல்லப் படம் ஆட்களை உள்ளே இழுத்தது. கிளாரா கடிதத்தை ஒளித்தபோது முன்வரிசையில் யாரோ "அடி பாவி" என்றார். அந்தச் சொல் நிரஞ்சினியின் பிடரியில் விழுந்தது.

அறுபது. அறுபத்தொன்று. கிளாரா மெத்தையைத் தூக்குகிறாள். கடிதத்தை எடுக்கிறாள். மயூரதனின் கீபோர்ட் மேலே மேலே ஏறிக்கொண்டு போனது. அந்த இடத்துக்கு அவன் நீளமான ஒரு இசையைத் தயார்ப்படுத்தி வைத்திருந்தான், அது அவளுக்குத் தெரியும். இப்போதும் சொல்லலாம். காதுக்குள் 'போதும் எண்டு அர்த்தம்' என்று ஒரு செக்கனில் சொல்லி முடிக்கக்கூடியவள் அவள். சொல்லவில்லை. முழங்கையைத் தொட்டாள்.

"காணும்…"

பின்வரிசையில் ஒரு சிரிப்புத் தொடங்கியது. நிரஞ்சினிக்கு நன்றாகக் கேட்டது. ஒரு அங்கிளின் தொண்டையில் புறப்பட்ட சிரிப்பு. அது பாதியில் இருமலாக மாறி, இருமலும் நின்றுபோனது. இந்தியப் படம் பார்த்து வளர்ந்த சனம் அல்லவா, வைதேகி சொன்னது அப்படியே விளங்கிவிட்டது. திரையில் வெறும் கதிரை வந்தது.

அப்போது கீபோர்ட் நின்றது. மயூரதன் இரண்டு கைகளையும் தூக்கித் தன் மடியில் வைத்துவிட்டான்.

பத்தொன்பது செக்கன். மண்டபத்தில் நூற்றுப்பத்துப் பேர் ஒரு கதிரையைப் பார்த்துக்கொண்டு இருந்தார்கள். ஒவ்வொருவரும் அதில் யாரை இருத்திப் பார்த்தார்கள் என்று அவளுக்குத் தெரியாது. பக்கத்து வரிசையில் ஒரு வயதான ஐயா தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார். யாரோ ஒருவர் மூக்கை உறிஞ்சினார். பிறகு இன்னொருவர். கிளாரா துறைமுகத்துக்கு ஓடத் தொடங்கியபின்தான் மயூரதனின் கைகள் திரும்ப மேலே வந்தன. அதுவும் ஒரு விரலால் தடவித் தடவித்தான் தொடங்கினான்.

படம் முடிந்ததும் சனம் வைதேகியைச் சூழ்ந்துகொண்டது. பெண்கள் அவள் கையைப் பிடித்தார்கள். விடாமல் பிடித்தபடியே நின்றார்கள். நிரஞ்சினி பற்றிஸ் தட்டோடு ஒவ்வொரு வரிசையாகப் போனாள். எல்லோரும் பற்றிஸை எடுத்துக்கொண்டு அவளுடைய தோளுக்கு மேலால் வைதேகியைப் பார்த்தார்கள்.

சனம் குறைந்தபின் வைதேகி தன் பிளாஸ்க்கைத் திறந்து சிவனேஸ்வரி அன்ரிக்குக் கோப்பி ஊற்றினாள். அரைக் கோப்பை வந்ததும் அன்ரி, "காணும் பிள்ளை, காணும்" என்றார். வைதேகி ஊற்றிக்கொண்டே தரையைப் பார்த்தாள். கதிரைக்குக் கீழே குனிந்து பார்த்தாள்.

"என்ன ஆன்ட்டி காணும்? கண்ணாடியா? போட்டிருக்கீங்களே."

கோப்பி விளிம்பைத் தாண்டிச் சேலையில் ஊற்றுப்பட்டது.

"ஐயோ பிள்ளை, காணும் எண்டால் போதும்! ஊத்தாதேங்கோ!"

அன்ரி சேலையை உதறிக்கொண்டு குழாயடிக்கு ஓடினார். வைதேகி பிளாஸ்க்கைப் பிடித்தபடி அப்படியே நின்றாள். பிறகு மெதுவாகத் திரும்பி, பற்றிஸ் தட்டோடு நின்ற நிரஞ்சினியைப் பார்த்தாள்.

சமையல் மூலையில் கோப்பைகள் கழுவுகிற இடத்தில்தான் அவர்கள் கதைத்தார்கள். வைதேகி கழுவினாள், நிரஞ்சினி துடைத்தாள்.

"அறுபத்திரண்டாவது அட்டை. நீ எழுதினது போதும்னா?"

"ஓம்."

"சனிக்கிழமையே உனக்குத் தெரியும்."

நிரஞ்சினி ஏற்கெனவே துடைத்த கோப்பையையே திரும்பத் துடைத்தாள்.

"சிரிப்பாங்கன்னு விட்டுட்ட."

"ஓம்."

வைதேகி குழாயை மூடினாள்.

"யாரும் சிரிக்கலையே, நிரஞ்சினி."

அதைக் குத்தலாகச் சொல்லியிருந்தால் நிரஞ்சினி சண்டை பிடித்திருப்பாள். வைதேகியோ ஆச்சரியப்பட்டவள் மாதிரித்தான் சொன்னாள். கையை உதறித் துடைத்துக்கொண்டு, சிட்னியில் அந்தச் சொல்லை எப்படி வாசிப்பது என்று நிரஞ்சினியே எழுதித் தரட்டும், எழுதினபடி வாசிக்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அன்ரி அதற்குள் சேலை ஈரத்தோடு சிட்னி ஆட்களுக்குப் பெயர் அனுப்பச் சொல்லி நின்றார். வைதேகி, மயூரதன். அனுப்பவேண்டியதும் நிரஞ்சினிதான்.

மயூரதன் கீபோர்ட்டின் காலை மடித்துக்கொண்டிருந்தான். அவள் தேத்தண்ணிக் கோப்பையைக் கொண்டுபோய் நீட்டினாள். வாங்கினான், குடிக்கவில்லை.

"நிரஞ்சினி, அந்தச் சொல்லை நீர் எனக்காக எழுதினனீரோ?"

ஒரு வருடத்தில் அவன் அவளிடம் கேட்ட முதல் கேள்வி. அண்ணாவைப் பற்றி அவனாக வாய் திறந்ததுக்கு மிக அருகில் வந்த கேள்வி. ஓம் என்ற ஒரு சொல் போதும். கோப்பியும் குரலும் சிட்னியும் எல்லாம் அந்த ஒரு சொல்லுக்கு முன்னால் ஒன்றுமில்லாமல் போய்விடும். வைதேகி வெளியே காரில் சாமான் ஏற்றிக்கொண்டிருந்தாள், அவளுக்குக் கேட்காது. நிரஞ்சினி அவனுடைய முகத்தைப் பார்த்தாள். அவன் உண்மையாகவே பதிலுக்குக் காத்து நின்றான்.

"இல்லை" என்றாள். "நான் போதும் எண்டுதான் எழுதினனான். அவா பிழையா விளங்கி வாசிச்சவா. எனக்கு முதலே தெரியும். ஆக்கள் சிரிக்கட்டும் எண்டு சொல்லாமல் விட்டனான்."

எல்லாம் இரண்டு செக்கனில் வந்து விழுந்தது. மயூரதன் கோப்பையை மற்றக் கைக்கு மாற்றினான். வாயோரத்தில் ஏதோ அசைந்தது, சிரிப்பா என்று தெரியவில்லை.

"நீர் சொல்லாமல் விட்டது நல்லதாப் போச்சு" என்றான். "அதை மாத்தாதையும்."

தேத்தண்ணியை ஒரே மூச்சில் குடித்து, கோப்பையைத் திருப்பித் தந்து, கீபோர்ட்டைத் தூக்கிக்கொண்டு போய் வைதேகியின் கார் டிக்கிக்குள் வைத்தான்.

அன்று வீட்டுக்கு வந்து நிரஞ்சினி சிட்னிக்குப் போகவேண்டிய தாள்களை மேசையில் பரப்பினாள். அறுபத்திரண்டை எடுத்து 'போதும்' என்று எழுதிப் பார்த்தாள். அப்படி எழுதினால் ஒருவரும் பிழை சொல்ல முடியாது, ஆங்கிலத்தில் இருப்பது அதுதான். அந்தத் தாளில் பத்தொன்பது செக்கன் கண்ணை வைத்துப் பார்த்தாள். கசக்கி எறிந்தாள். புதிய தாளில் திரும்பவும் 'காணும்' என்று எழுதி, ஓரத்தில் சிவப்புப் பேனையால் 'வைதேகி அக்கா டண்டினொங்கில் வாசித்தபடி' என்று குறிப்புப் போட்டாள். 'வைதேகி' என்ற இடத்தில் அழுத்திய அழுத்தில் தாள் கிழிந்து, சிவப்பு மேசையிலும் பட்டது. அதைக் கிழிசலோடேயே அனுப்பினாள்.

சிட்னியில் படம் ஞாயிறு பகல் ஒரு மணிக்கு. அந்த நேரம் நிரஞ்சினி நோபல் பார்க்கில், குசினிக் கதிரையில், சுவர் மணிக்கூட்டைப் பார்த்தபடி இருந்தாள். ஒன்று இருபதுக்கு எற்றி வெளிக்கிட்டிருப்பாள். ஒன்று நாற்பதுக்குக் கிளாரா கடிதத்தை ஒளித்திருப்பாள். வைதேகி இரண்டு பேருக்குமாகப் பிளாஸ்க் கொண்டுபோயிருப்பாள், ஏறுகிற அவசரத்தில் அதை விமான நிலையத்திலேயே மறந்து விட்டிருந்தால் நல்லது. இரண்டு மணியானபோது அம்மா சாப்பாட்டை மேசைக்குக் கொண்டுவந்தார். ஞாயிற்றுக்கிழமை எப்போதும் பிந்தித்தான் சாப்பாடு.

இரண்டு எட்டு. படத்தின் அறுபத்தெட்டாவது நிமிடம், அறுபத்திரண்டாவது அட்டை வருகிற இடம். அம்மா இரண்டாவது கரண்டிச் சோற்றோடு வந்து நின்றார்.

நிரஞ்சினி கையால் மறித்தாள். ஒரு மாதமாகக் குளியலறையில், பஸ்ஸில், கடையில் கண்ணாடிச் சட்டம் வளைக்கிறபோதெல்லாம் சொல்லிச் சொல்லிப் பார்த்தும் வராத அந்தத் தொனியில், ஏழு செக்கனையும் நிறைத்து, "காணும்…" என்றாள்.

அம்மா சோற்றுக் கரண்டியைச் சட்டிக்குள் போட்டுவிட்டு மேசைக்குக் கீழே பார்த்தார், அவளுடைய கையைப் பார்த்தார், காதைப் பார்த்தார்.

"என்னத்தையடி துலைச்சனி? தோட்டையோ?"

வந்துவிட்டது. அச்சொட்டாக வந்துவிட்டது, கேட்க ஒரு ஆள்தான்.

"இல்லையம்மா" என்றாள் நிரஞ்சினி, தட்டை முன்னால் இழுத்து. "சிட்னி ரிக்கெற்."